கொம்பனித்தெருவில் பழைய இசைத்தட்டு வாங்கப் போகிறவர்களுக்கு

விலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். பிங்க் ஃபிளோய்டின் ‘த டார்க் சைட் ஒஃப் த மூன்’, இந்தியப் பதிப்பு, கவரின் ஓரத்தைப் பூச்சி அரித்தது: 18,000 ரூபா. அதிலிருந்து நாலடி தள்ளி ஒரு பிஸ்கட் பெட்டிக்குள் ஸ்டீவி வொண்டரின் ‘இன்னர்விஷன்ஸ்’, அமெரிக்கப் பதிப்பு, கீறல் என்று சொல்ல ஒன்றுமில்லை: 5,500. இரண்டும் 1973இல் வெளிவந்தவை. இரண்டையும் உலகமே கொண்டாடியது. ஆனால் பிங்க் ஃபிளோய்ட் கவரிலுள்ள அந்த முக்கோணக் கண்ணாடிப் படம் போட்ட டீ-ஷேர்ட்டைக் கொழும்பில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். ஸ்டீவி வொண்டரைக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. விலை வித்தியாசத்துக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

கடை கொம்பனித்தெருவில். வெள்ளவத்தைப் பக்கமிருந்து போகிறவர்களுக்குக் கடற்கரை ரயில்தான் சுகம்: பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டி, அடுத்தது கொம்பனித்தெரு. இறங்கி உள்ளே நடந்தால், புதிதாக எழும்பிய அடுக்குமாடிகளின் நிழலில் இன்னும் தப்பிப் பிழைத்திருக்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் இருக்கிறது. பெயர்ப்பலகை கிடையாது. முன்பக்கத்தில் மின்விசிறியும் ரைஸ் குக்கரும் பழைய ரேடியோவும் திருத்துகிறார்கள். கழற்றிப் போட்ட ஃபேன் இறகுகளைத் தாண்டிப் போனால்தான் இசைத்தட்டுகள். உள்ளே மூன்று பேருக்கு மேல் நிற்க முடியாது, அதில் ஒருவர் கடைக்காரர். எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் இந்த விமர்சனம் ஒருபக்கச் சாய்வானது. பகலில் கணக்கு எழுதுகிற வேலை. சனி, ஞாயிறில் கல்யாண வரவேற்புகளிலும் ஹோட்டல்களிலும் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். ஆகவே ஒரு பாட்டு தொடங்கினால் பாடுகிறவர் யார் என்று பார்க்குமுன், அடியில் என்ன ஓடுகிறது என்றுதான் என் காது போகும். பாட்டு வரிகளுக்காக ரொக் கேட்கிறவர்கள் நான் சொல்வதில் பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

இந்தக் கடையின் பெரிய நன்மை, போட்டுக் கேட்டுவிட்டு வாங்கலாம் என்பது. கொழும்பில் பழைய தட்டு விற்கிற வேறு இடங்களில் கவரைப் பார்த்துவிட்டு நம்பிக்கையில்தான் காசு கொடுக்க வேண்டும். இங்கே கேட்காமல் வாங்கப் போனால் நானாவே தடுப்பார். “கேக்காம எடுக்காதீங்க தம்பி. பொறகு நீங்க என்னத் திட்டுவீங்க, நான் ஒங்களத் திட்டுவேன்.” மூலையில் ஒரு பழைய டெக்னிக்ஸ் பிளேயர் இருக்கிறது, அதற்கு மட்டும் தூசு படாமல் துணி போட்டு மூடியிருக்கும்.

அவர் தட்டைப் பார்க்கிற விதத்தைக் கொஞ்சம் கவனித்தால் நமக்கும் ஒரு பாடம் கிடைக்கும். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் ஓரத்தை மட்டும் பிடித்து, டியூப் லைட்டுக்கு நேரே காட்டாமல் சாய்த்துப் பிடிப்பார். அப்போது தெரிகிற மெல்லிய கோடுகளுக்குப் பயப்படத் தேவையில்லை, அவை பெரும்பாலும் சத்தத்தில் வராது. நகத்தில் தட்டுப்படுகிற கீறல்தான் ‘டிக், டிக்’ என்று கட்டாயம் வரும். கீறலே இல்லாமல் தட்டு முழுக்க மங்கிச் சாம்பல் பூத்ததுபோல் இருந்தால் அதுதான் மோசம்: தேய்ந்த ஊசியால் பல வருடம் ஓட்டிப் பள்ளத்தையே தின்ற தட்டு, கழுவினாலும் திரும்பாது. வெள்ளைப் புள்ளிகள் பூஞ்சணம். நம் ஊர் ஈரத்துக்கு அது வராத தட்டே அதிசயம். அதை அவர் கழுவிக் கொடுப்பார், காசு வாங்காமல். நடு லேபிளின் மேல் ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கவிழ்த்து அமத்திப் பிடித்துக்கொண்டு, காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து, பள்ளம் ஓடுகிற திசையிலேயே மென்மையான தூரிகையால் சுற்றுவார். குறுக்கே ஒரு இழுப்புக்கூடக் கிடையாது. பிறகு தட்டுகளைச் சமையலறை ராக்கையில் கோப்பை அடுக்குவதுபோல் நிறுத்திக் காய விடுவார். ஈரம் உலரும்வரை காத்திருக்க வேண்டும். எதிர்க் கடை இஞ்சிப் பிளேன்டீ நன்றாக இருக்கும்.

சரி, சரக்குக்கு வருவோம்.

சுவர்ப் பக்கம் முழுக்க ரொக். இங்கேதான் நானா விலையைக் கைபேசியில் பார்த்துப் போடுகிறார். அதுவும் வெளிநாட்டில் யாரோ புதுசுபோல் வைத்திருந்த தட்டுக்குக் கேட்ட உச்ச விலையைப் பார்த்து, பூச்சி அரித்த நம் தட்டுக்குப் போட்டுவிடுகிறார். அந்த ‘டார்க் சைட்’டைப் போட்டுக் கேட்டேன். ‘மணி’ பாட்டின் தொடக்கத்தில் வரும் காசுப்பெட்டிச் சத்தம் நன்றாகத்தான் விழுந்தது. அது ஒலிநாடாத் துண்டுகளை வெட்டி ஒட்டி வளையமாக ஓடவிட்டுச் செய்தது. அப்புறம் பேஸ் கிட்டார் ஏழு எண்ணிக்கையில் புறப்படும், மிருதங்கக்காரர்கள் மிஸ்ர சாப்பு என்று கையில் போட்டுக்கொள்ளலாம். கிட்டார் தனி வாசிப்பு வரும்போது நாலுக்கு மாறும். அந்த இடத்தில் அடித்தளம் நிறைந்து நிற்க வேண்டும். இந்தத் தட்டில் மெலிந்துவிட்டது. கல்கத்தா டம்டமில் அடித்த இந்தியப் பதிப்புகள் எல்லாமே இப்படி என்று சொல்லமாட்டேன், என்னிடமுள்ள சில நன்றாகவே பாடுகின்றன. இந்தத் தட்டுக்கு 18,000 அதிகம். சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்கென்றால் உங்கள் இஷ்டம்.

லெட் செப்பெலினின் நாலாவது அல்பம் (1971) பற்றி ஒரு எச்சரிக்கை. கவரில் குழுவின் பெயரும் இல்லை, அல்பத்தின் பெயரும் இல்லை, முதுகில் விறகுக் கட்டுச் சுமந்த கிழவரின் படம்தான். நானாவுக்கு அது ‘வெறகுக் கெழவன்’. அப்படிக் கேட்டால் சட்டென்று எடுத்துத் தருவார். வாங்குகிறவர்கள் எல்லோரும் முதல் பக்கத்தில் தங்களுக்குத் தெரிந்த பாட்டைப் போட்டுக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டைக் கேளுங்கள். தட்டின் நடுவை நெருங்க நெருங்கச் சுற்று சின்னதாகிறது, அதே நேரத்துச் சத்தம் குறைந்த நீளத்துக்குள் நெருக்கிக்கொண்டு உட்கார வேண்டியிருக்கிறது, ஆகவே தேய்மானம் முதலில் காட்டுவது அங்கேதான். அந்த இடத்தில் இருப்பது ‘வென் த லெவி பிரேக்ஸ்’. ஒரு பழைய மாளிகையின் கூடத்தில் ட்ரம்ஸை வைத்து, மாடிப்படியில் உயரத்திலிருந்து மைக் தொங்கவிட்டுப் பதிந்த சத்தம் அது. நல்ல தட்டில் அந்த முதல் அடி வயிற்றில் விழும். கடையிலிருந்த இரண்டு பிரதிகளில் ஒன்றில் தகரத்தில் தட்டுவதுபோல் கேட்டது. விலை இரண்டுக்கும் ஒன்றுதான், 12,000.

ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஸ்டிக்கி ஃபிங்கர்ஸ்’ (1971) முதற்பதிப்பு ஒன்றும் இருந்தது, கவரில் உண்மையான ஜிப் வைத்தது. அந்த ஜிப் அந்தக் காலத்திலேயே தலையிடி கொடுத்தது: தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி அனுப்பும்போது அது அழுத்தி உள்ளே இருக்கும் தட்டைக் கெடுத்தது. பிறகு, ஜிப்பைப் பாதிவரை இறக்கி அனுப்பினார்கள். அப்படியென்றால் அமுக்கம் நடு லேபிளில் விழும், பாட்டில் விழாது. கொம்பனித்தெருப் பிரதியில் ஜிப் பாதியில்தான் நிற்கிறது, ஆனால் கடல் காற்றில் துருப்பிடித்து இனி மேலேயும் போகாது கீழேயும் வராது. துரு கவரில் ஒரு பழுப்புக் கோடாக இறங்கியிருக்கிறது. இருபத்தையாயிரம் சொல்கிறார். பார்த்துவிட்டு வைத்துவிட்டேன்.

டீப் பர்ப்பிளின் ‘மெஷின் ஹெட்’ (1972) மட்டும் சுவர்ப் பக்கத்தில் நியாயமான விலைக்குக் கிடைத்தது, 7,000. சுவிட்சர்லாந்தில் அவர்கள் பதிவுசெய்ய இருந்த கசினோ தீப்பிடித்து எரிந்து, ஒரு ஹோட்டலின் தாழ்வாரத்தில் மெத்தைகளை அடுக்கி, வெளியே நின்ற ஸ்டோன்ஸ் குழுவின் பதிவு லொறிக்கு வயர் இழுத்துச் செய்த அல்பம். கொழும்பில் எந்தக் கிட்டார் கடைக்குப் போனாலும் ஒரு பையன் ‘ஸ்மோக் ஒன் த வோட்டர்’ தொடக்கத்தைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். அந்தப் பாட்டின் கதையே அந்தத் தீதான். வாங்கினேன், குறை சொல்ல ஒன்றுமில்லை.

இனி பிஸ்கட் பெட்டிகள். தரையில், படிக்குக் கீழே, குனிந்துதான் பார்க்க வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஃபங்க், சோல், கொஞ்சம் ஜாஸ், நடுவில் ஜிம் ரீவ்ஸ் எல்லாம் ஒரே குவியல். இந்தத் தட்டுகள் எப்படி இந்த நாட்டுக்கு வந்தன என்பதே ஒரு கதை. எழுபதுகளின் பெரும்பகுதி, 1977 தேர்தல்வரை, இறக்குமதிக்குக் கடும் கட்டுப்பாடு. பாணுக்கே வரிசையில் நின்ற காலத்தில் அமெரிக்க இசைத்தட்டுக்கு யார் அனுமதி கொடுப்பது? கப்பலிலும் விமானத்திலும் வேலைசெய்தவர்களும், வெளிநாட்டில் சொந்தக்காரர் இருந்தவர்களும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்தவைதான் இவை. பழைய வீடுகளை இடித்து மாடி கட்டும்போதும், வயதானவர்கள் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போதும் பரணிலிருந்து இறங்கி நானாவிடம் வருகின்றன. பல கவர்களின் மூலையில் மையால் பெயரும் திகதியும் எழுதியிருக்கும். ஒன்றில் ‘திருப்பித் தரவும்’ என்று ஆங்கிலத்தில் அடிக்கோடிட்டு எழுதியிருந்தது, யார் கொடுக்காமல் விட்டார்களோ.

அந்தக் குவியலில்தான் ஹெர்பி ஹென்கொக்கின் ‘ஹெட் ஹன்டர்ஸ்’ (1973) கிடைத்தது, 4,000. முதல் பாட்டு ‘கமீலியன்’ பதினைந்து நிமிடத்துக்கு மேல் ஓடும். அதன் தொடக்க பேஸ் வரியை எங்கள் பேண்டில் நான் எத்தனையோ முறை கிட்டாரில் வாசித்திருக்கிறேன், ஆனால் தட்டில் அது கிட்டாரே அல்ல, ஹென்கொக் ஆர்ப் என்ற சிந்தசைஸர் கீபோர்டில் விரலால் போட்டது. ஃபோனில் கேட்கும்போது அந்தச் சத்தத்தின் உடம்பு தெரியாது. இதில் ஒவ்வொரு சுரமும் ஆரம்பத்தில் கொஞ்சம் உறுமிவிட்டுத்தான் நிலைக்கு வருகிறது. ஒரு பக்கத்தில் இருபத்திரண்டு நிமிடம் வைத்தால் பள்ளங்களை நெருக்க வேண்டிவரும், தாழ்ந்த சுரங்களுக்கு அகலமான பள்ளம் தேவை, ஆகவே சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துத்தான் வெட்டுவார்கள். அம்ப்ளிஃபயரை வழமையைவிட ஒரு சுற்றுக் கூட்டிக் கேளுங்கள். அதற்கடுத்த பாட்டு பியர் போத்தலின் வாயில் ஊதுகிற சத்தத்தோடு தொடங்கும். முன்பக்கத்தில் ஃபேன் திருத்திக்கொண்டிருந்த பையன் அதைக் கேட்டுவிட்டு எட்டிப் பார்த்தான்.

ஜேம்ஸ் பிரவுனின் ‘த பேபேக்’ (1973), இரண்டு தட்டு, 6,000. ஒரு படத்துக்காகச் செய்து, படக்காரர்கள் வேண்டாமென்று திருப்பிய இசை. அவருக்கு எல்லாமே சமத்தில், அதாவது தாளத்தின் முதல் அடியில், விழ வேண்டும். முதல் அடி கனம், மீதி மூன்றும் அதைச் சுற்றி விளையாடலாம். பேஸ் வாசிக்கிற தம்பிமார் யாராவது இதைப் படித்தால், யூடியூப் பாடங்களை ஒரு மாதம் நிறுத்திவிட்டு இந்தத் தட்டின் முதல் பக்கத்தோடு மட்டும் வாசித்துப் பாருங்கள். ஏழு நிமிடம் ஒரே வரியைச் சலிக்காமல், அவசரப்படாமல், கூட்டாமல் வாசிப்பது எவ்வளவு கஷ்டம் என்று விளங்கும்.

ஸ்லை அன்ட் த ஃபெமிலி ஸ்டோன் குழுவின் ‘தேர்ஸ் அ ரயட் கோயிங் ஒன்’ (1971) கவரில் நானா பென்சிலால் ‘சவுண்ட் சரியில்ல’ என்று எழுதி 2,500 போட்டிருந்தார். போட்டுப் பார்த்தேன். தட்டு சுத்தம். அந்த அல்பமே அப்படித்தான், ஒரே நாடாவில் மேலே மேலே பதிந்து, அழித்து, திரும்பப் பதிந்ததில் சத்தம் மூடிக்கொண்டது. பல இடங்களில் ட்ரம்ஸுக்குப் பதில் ஒரு ரிதம் பெட்டி. பனிக்குள்ளிருந்து வருவதுபோன்ற அந்த மங்கல்தான் அதன் அழகே. காசைக் கொடுத்துவிட்டுத்தான் இதைச் சொன்னேன். நானா ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். “அடுத்தது வந்தா ஆறாயிரம் போடுவேன் தம்பி,” என்றார். போடட்டும், தகும்.

அந்தக் குழுவில் அப்போது லரி கிரஹம் இருந்தார், பெருவிரலால் பேஸ் கிட்டார் நரம்பை அடித்து வாசிக்கும் முறையைப் பிரபலமாக்கியவர். சிறுவயதில் அம்மாவோடு வாசித்தபோது ட்ரம்ஸ்காரர் இல்லாததால் அந்தத் தாளத்தையும் கிட்டாரிலேயே கொண்டுவரப் பார்த்ததில் பிறந்த முறையாம். ட்ரம்ஸ்காரர் கடைசி நேரத்தில் வராமல் விட்ட கல்யாணங்கள் எங்களுக்கும் உண்டு. நாங்கள் புது முறை ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, கீபோர்டில் பீட்டைப் போட்டுச் சமாளித்தோம்.

ஸ்டீவி வொண்டரின் ‘சோங்ஸ் இன் த கீ ஒஃப் லைஃப்’ (1976) வாங்குகிறவர்கள் உள்ளே எண்ணிப் பாருங்கள். இரண்டு பெரிய தட்டுகளோடு நாலு பாட்டுள்ள ஒரு சின்னத் தட்டும், 24 பக்கப் புத்தகமும் வந்தன. இங்கிருந்த பிரதியில் புத்தகம் இருந்தது, சின்னத் தட்டு இல்லை. 9,000 என்றார். இல்லாததைக் காட்டியதும் 7,000க்கு இறங்கினார். சுவர்ப் பக்கத்தில் பேரம் எடுபடாது, பெட்டிப் பக்கத்தில் எடுபடும்.

குறைகள். பெட்டிகளில் ஒழுங்கு கிடையாது, எந்த வீட்டிலிருந்து வந்ததோ அப்படியே கிடக்கிறது. ஒருமுறை நான் அகர வரிசையில் அடுக்கித் தரவா என்று கேட்டதற்கு, “அடுக்கினா எனக்கு ஒண்டும் விளங்காது,” என்றார். கடையின் இடப்பக்க ஸ்பீக்கர் மந்தம், அதனால் ஒரு வாத்தியம் குறைவாகக் கேட்டால் தட்டில்தான் பிழை என்று முடிவுகட்டாதீர்கள். ஹெட்ஃபோன் கொண்டுபோனால் மாட்டிக் கேட்க விடுவார். கார்ட் எடுக்கமாட்டார். கொண்டுபோன தட்டைத் திருப்பி எடுக்கவும் மாட்டார், கேட்டுத்தானே வாங்கினீர்கள் என்பார், அதிலும் நியாயம் இருக்கிறது. உள்ளே போடும் புதுக் காகித உறைக்கு 150 ரூபா தனியாக வாங்குகிறார். பதினெட்டாயிரத்துக்கு ஒரு தட்டு வாங்குகிறவரிடம் அதையும் கேட்பது கொஞ்சம் அதிகம்தான். உறை தேவைதான், பழைய உறைகளில்தான் பூஞ்சணம் குடியிருக்கிறது.

ஏ. ஈ. மனோகரன், நித்தி கனகரத்தினம் ஆகியோரின் தமிழ் பொப் தட்டுகள் கேட்டுப் போகிறவர்களுக்கு: வந்த அன்றே போய்விடுகின்றன. நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தால் கூப்பிடுவார். எனக்கு இன்னும் கூப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் பூட்டியிருக்கும், மூன்று மணிக்குப் பிறகு போங்கள். சனிக்கிழமை காலையில் கூட்டம், போட்டுக் கேட்க முறை வராது. கேர்ட்டிஸ் மேஃபீல்டின் ‘சூப்பர் ஃப்ளை’ (1972) படிக்குக் கீழே இடப்பக்கப் பெட்டியில் ஜிம் ரீவ்ஸுக்குப் பின்னால் இருக்கிறது, 4,500 கேட்டார், நாலாயிரத்துக்குத் தருவார். இரண்டாம் பக்கத்தின் தொடக்கத்தில் ஒரு சின்ன டிக் சத்தம், அரை நிமிடத்தில் போய்விடும். என்னிடம் ஒன்று இருப்பதால் விட்டுவிட்டு வந்தேன்.